அரசு படித்த ஒரே கட்டுரை

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட். கருத்தரங்கக் கூடத்தில் ஏசியை மீன் கெடாமல் இருக்க வைப்பதுபோல வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பேனர். அதில் நாங்கள் நடத்திய ஆய்விதழின் பெயர், ‘குடிநலன்’. பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாக்கியம்.

‘கார்டுதான் ரெண்டு. அடுப்பு ஒண்ணுதான்.’

அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்: ‘அரசின் கொள்கையில் மாற்றம் கொண்டுவந்த ஆய்வு.’

நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போர்த்திய சால்வை கழுத்தில் அரித்தது. அந்த வாக்கியத்தைச் சொன்ன மங்கம்மாவின் வீடு அங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். மங்கம்மா இன்று இல்லை. அவருடைய பேச்சு மட்டும் சுவரளவு எழுத்தில் தொங்கியது.

பக்கத்து நாற்காலியில் கவிதா. அந்தக் கட்டுரையை எழுதியவர். அன்று ஆராய்ச்சி மாணவி, இன்று ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் இயக்குநர். நின்றுபோன குடிநலனை அவருடைய மையம் மீண்டும் நடத்தப்போகிறது, அதற்குத்தான் இந்த விழா. இதழின் பதிவு என் பெயரில் இருக்கிறது. நான் ஒரு கையெழுத்துப் போட்டால் இதழ் பிழைக்கும். போடாவிட்டால் அதோடு சரி.

“மேடம், லஞ்சுக்கு முன்னாடி சைன் பண்ணிடலாமா, அப்புறமா?” என்று கவிதா என் காதருகே கேட்டார்.

“மொதல்ல அந்த பேனர படிச்சு முடிக்கிறேன்மா” என்றேன்.

பெருமையில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

கடைக்கு மேலே ஓர் ஆய்விதழ்

அத்தாவின், அதாவது என் அப்பாவின், கடையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடி: செங்கல்பட்டு பஜாரில் கயிறு, சாக்கு, தார்ப்பாய் விற்கும் கடை. அதன் மாடியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. குடிநலன் அந்த அறையில்தான் பிறந்தது, அந்த அறையில்தான் செத்தது.

தொடங்கியவர் ஞானமணி சார். கல்லூரியில் சமூகப்பணித் துறையின் தலைவர், நான் அவருக்குக் கீழே விரிவுரையாளர். மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, எந்நேரமும் இருமல். அவருக்கு ஓர் எரிச்சல் உண்டு.

“நூரு, நம்ம ஜனங்க பட்டினியப் பத்தி நாம இங்கிலீஷ்ல எழுதுறோம். நாமளே படிக்கிறோம். நாமளே ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கிறோம். இதுக்குப் பேரு ஆராய்ச்சியா?”

தமிழிலேயே ஒரு காலாண்டிதழ். ரேஷன், முதியோர் உதவித்தொகை, சத்துணவு, பேறுகால உதவி என்று மக்களுக்கு அரசு தருவதாகச் சொல்வதும், அது கையில் வந்து சேர்வதும் சேராததும்தான் விஷயம். ‘குடிநலன்’ என்று அவர்தான் பெயர் வைத்தார். குடியை நிறுத்தச் சொல்லும் பத்திரிகை என்று நினைத்துத் தபால்காரர் தன் மைத்துனனுக்காக ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனார். மறுவாரம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அத்தா முதல் இதழைக் கையில் வாங்கி, மூட்டையைத் தூக்கிப் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார்.

“இத்த யாரும்மா வாங்குவா?”

“விக்கிறதுக்கு இல்ல அத்தா.”

“அப்போ கடைக்கு மேல இன்னாத்துக்கு?”

சரியான கேள்வி. இருந்தாலும் அறையைக் கொடுத்தார், வாடகை பற்றிப் பேசவே இல்லை. கீழே இருந்து தார்ப்பாய் வாடை ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் இதழை எந்த நூலகத்தில் எடுத்துப் பிரித்தாலும் அந்த வாடை வரும். இப்போதும் என்னிடம் இருக்கிற பிரதிகளில் வருகிறது.

அட்டவணைகளைச் சரிபார்க்கக் கல்பாக்கத்திலிருந்து சுந்தரேசன் என்று ஒருவர் வருவார். அணுமின் நகரியத்தில் வேலை, சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து வந்துவிடுவார். எங்கள் கூட்டல் கழித்தலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைப்பார். “நாங்க இப்படிக் கணக்குப் போட்டா இந்தப் பக்கம் ஊரே இருக்காது சார்” என்பார். சாருக்குக் கோபம் வரும், ஆனால் திருத்திக்கொள்வார்.

வாசித்துக் காட்டும் விதி

ஆய்விதழ்களில் ஒரு நடைமுறை உண்டு. கட்டுரை வந்தால் அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகுதான் அச்சுக்குப் போகும். சார் அதோடு இன்னொரு படியும் வைத்தார். எந்தப் பத்திரிகையிலும் அப்படி ஒன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கட்டுரை யாரைப் பற்றியதோ, அவர்கள் ஊருக்கே போய், அவர்கள் முன்னால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்லும் மறுப்பும் திருத்தமும், அவர்கள் பேச்சிலேயே, கட்டுரையின் முடிவில் வரும். அந்தப் பகுதிக்குத் தலைப்பு ‘கேட்டவர்கள் சொன்னது’. அதில் கட்டுரையாளர் கைவைக்கக் கூடாது, நாங்களும் கைவைக்கக் கூடாது.

அச்சரப்பாக்கம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்த பெண்களைப் பற்றிய கட்டுரை. சார் மூச்சு வாங்க வாசித்து முடித்தார். ஒரு பெண் எழுந்து, “இம்மா நேரம் படிச்சியே சாரு, இதுல நான் எங்க கீறேன்?” என்றாள். அப்படியே அச்சிட்டோம். முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறவர்கள் பாதியிலேயே தூங்கிவிட்டார்கள். ‘கேட்டவர்கள் தூங்கிவிட்டார்கள்’ என்று அதையும் அச்சிட்டோம். கட்டுரை எழுதிய பேராசிரியர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்த விதியின்மேல் பைத்தியம். இவ்வளவு நேர்மையான இதழ் நாட்டிலேயே இல்லை என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். நேர்மையால் ஒருவருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

தண்ணீர் கேனுக்குக் கீழே

சாருக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரே ஒரு ஆசை. அரசாங்கத்தில் யாராவது ஒருவர் எங்கள் இதழைப் படிக்க வேண்டும்.

ஒவ்வோர் இதழும் வந்ததும் முதல் கட்டுப் பிரதிகள் அலுவலகங்களுக்குத்தான் போகும். சாரே உட்கார்ந்து முகவரி எழுதுவார். பதில் வராது. வருடக்கணக்கில் வரவில்லை. ஒருமுறை எதற்கோ ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே குடிதண்ணீர் கேன் வைத்திருந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் எங்கள் இதழ்கள், உறைகூடப் பிரிக்காமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேசை ஆடாமல் நின்றது.

சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகு, “பரவால்ல நூரு, தண்ணியாச்சும் குடிக்கிறாங்க” என்றார். சிரித்தார்.

“ஒருத்தன் படிச்சாப் போதும். ஒரு கட்டுரைய, ஒரு அதிகாரி படிச்சு, ஒரு உத்தரவு போட்டா நான் செத்துப் போகலாம்” என்று பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறார்.

காரப்பொடிக் குழம்பு

அந்தக் குப்பத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வரும் பெண்களின் பெயர்களும் மாற்றிய பெயர்கள்தான். பெயர் போட்டு எழுதியதன் பலனைப் பார்த்தாகிவிட்டது.

கவிதாவின் ஆய்வு, மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு வரும் உதவியைப் பற்றியது. மீன் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் கடலுக்குப் போகத் தடை, அந்த நாட்களுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பணம் வரும். குடும்பம் என்றால் ரேஷன் கார்டு. கல்யாணமான மகன் தனிக் கார்டு வாங்கிக்கொண்டால் அவன் தனிக் குடும்பம், அவனுக்கும் வரும். கவிதா கார்டுகளை எண்ணிக் குடும்பங்களை எண்ணியிருந்தார். அழகான கட்டுரை. உதவி போதவில்லை, உயர்த்த வேண்டும் என்பதுதான் முடிவு.

வலை பழுது பார்க்கும் கொட்டகையில் வாசிப்பு. தெற்கே கொஞ்சம் எட்டிப் பார்த்தால் அணுமின் நிலையத்தின் குவிந்த கூரை தெரியும். கருவாடு காய்கிற வாடை, மணலில் போட்ட வலைக்குள் கோழிகள். சார் வாசித்தார், கடினமான இடங்களை நான் நிறுத்தி விளக்கினேன். முன்வரிசையில் மங்கம்மா. தலையை நிமிர்த்தாமல் கூடையில் இறால் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டைப் பற்றிய பத்தி வந்ததும் கை நின்றது.

“நிறுத்து சாரு. எங்கூட்ட ரெண்டு குடும்பம்னா எய்திக்கீற?”

“ரெண்டு கார்டு இருக்கேம்மா.”

“கார்டு கீது. அதுக்கு? பெரியவனும் சின்னவனும் சண்ட போட்டுகினு பிரிஞ்சி பூட்டாங்கன்னு இத்த படிக்கிறவன் நெனைக்க மாட்டானா? கார்டுதான் ரெண்டு. அடுப்பு ஒண்ணுதான். எம் மருமவ செல்விதான் எல்லாருக்கும் பொங்கறா. அத்த எய்து.”

கவிதாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். என் பக்கம் குனிந்து, “மேடம், அது தெரிஞ்சுதான் விட்டுட்டேன். வேண்டாம் மேடம்” என்றார்.

அதற்குள் கொட்டகையே எழுந்துவிட்டது. “எங்கூட்லயும் ஒரே அடுப்புதான், எய்திக்கோ!” “நாங்க நாலு கார்டு, ஒரே சட்டிதான் டீச்சர்!” “எங்கள மட்டும் இன்னாத்துக்கு வுட்ட?” அந்தக் குப்பத்தில் பட்டினி கிடந்தாலும் மானக்கேடு இல்லை. அண்ணன் தம்பி தனித்தனியாகப் பொங்கினால்தான் மானக்கேடு. ஒவ்வொருவரும் குடும்பத் தலைவன் பெயரோடு தங்கள் வீட்டைச் சொல்லி, எழுதிவிட்டோமா என்று எட்டிப் பார்த்தார்கள்.

கவிதா சாரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“அவங்க சொன்னதுல நாம கைவைக்கக் கூடாதும்மா” என்றார் சார். “விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

பிறகு அந்த ஒற்றை அடுப்பில் செல்வி வைத்த காரப்பொடி மீன் குழம்பும் சோறும். பெரிய தட்டுகளில் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாருடைய பிள்ளை எது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மங்கம்மா எனக்கு முள் எடுத்துப் போட்டார். பஸ்ஸில் திரும்பும்போது கை மணத்துக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் ஓர் உருப்படியான காரியம் செய்த நாள் என்று நினைத்தேன்.

மழையில்லாத நாளில் தார்ப்பாய்

கட்டுரை வெளிவந்து சில மாதங்கள் கழித்து மாடி அறையின் தொலைபேசி அடித்தது. ஓர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி. சார் எழுந்து நின்றுகொண்டே பேசினார்.

“படிச்சீங்களா சார்? முழுசாவா? கடைசிப் பக்கம்கூடவா?”

வைத்ததும் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “ரொம்ப உபயோகமா இருந்துச்சாம் நூரு. அந்த ‘கேட்டவர்கள் சொன்னது’ பகுதிதான் ரொம்ப உபயோகமாம். நம்ம கட்டுரைய மேற்கோள் காட்டி உத்தரவு வருதாம்.”

அன்று மாலை சார் பஜாருக்குப் போய் அல்வா வாங்கிவந்தார். கீழே அத்தாவுக்கு, சுமை தூக்குகிறவர்களுக்கு, பக்கத்துக் கடைக்காரர்களுக்கு எல்லாம் தானே கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், “அரசாங்கம் எங்களப் படிச்சிருச்சு” என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

உத்தரவில் என்ன இருந்தது என்பது எங்களுக்கு அத்தா மூலமாகத்தான் தெரிந்தது.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. நல்ல வெயில் காலம். குப்பத்து ஆட்கள் கும்பலாக வந்து தார்ப்பாய் வாங்கிப் போகிறார்கள். அத்தாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மாடிப்படியில் பாதி ஏறி நின்று என்னைக் கூப்பிட்டார்.

“நூரு, உங்க குப்பத்து ஆளுங்கதான். மழையே காணோம், தார்ப்பாய் இன்னாத்துக்குன்னு கேட்டேன். வூட்டுக்கு நடுவுல தடுப்பு கட்டணுமாம். அடுப்ப எண்ணிப் பாக்க ஆபீசருங்க வர்றாங்களாம். இன்னாம்மா இது?”

ஒரே அடுப்பில் சமைப்பவர்கள் ஒரே குடும்பம். கூடுதல் கார்டுகள் ரத்து. அதுதான் உத்தரவு. எந்தெந்த வீடு என்று தேடி அலைய வேண்டிய சிரமமே இல்லை. எங்கள் இதழில் வீடு வீடாக, பெயரோடு, அவர்கள் சொந்த வாயால் சொன்னபடி அச்சாகியிருந்தது.

சார் அதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். மேசைமேல் அல்வாப் பொட்டலத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. கீழே கடையில் தார்ப்பாயை அளந்து கிழிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு தம்ளர் டீ

சார் அந்தக் குப்பத்துக்குக் கடைசியாக ஒருமுறை போனார். நானும் கூடப் போனேன். திட்டுவார்கள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மங்கம்மாவின் வீடு மூன்றாகியிருந்தது. தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் பெரியவனும் செல்வியும், அந்தப் பக்கம் சின்னவனும் அவன் மனைவியும். பின்கட்டில், கூரை தாழ்ந்த இடத்தில் மங்கம்மா. தனி அடுப்பு காட்டினால்தான் கார்டு திரும்ப வரும். மகன்கள் சோறு போடவில்லை என்று காட்டினால்தான் மங்கம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை வரும். அதனால் அவருக்கும் ஒரு மண் அடுப்பு.

செல்வி ஒரு தம்ளர் டீ கொண்டுவந்தாள். அடுத்த நிமிடம் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்ன மருமகள் இன்னொரு தம்ளர் கொண்டுவந்தாள். ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. சார் இரண்டையும் குடித்தார்.

மங்கம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். “என் அடுப்பு இன்னிக்குப் பத்த வெக்கல சாரு. இல்லாட்டி நானும் குடுத்திருப்பேன்” என்றார். சொல்லிவிட்டு, தப்பு செய்தவர்போல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“மங்கம்மா...” என்று தொடங்கினார் சார்.

“நீ இன்னா பண்ணுவ சாரு. நான் சொன்னத்தான எய்தின.”

இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. எங்களைக் காப்பாற்ற அவரே ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தார். அது உண்மையும்கூட.

முதலில் அதிகாரி வருகிற நாட்களுக்காகத்தான் தனிச் சமையல் என்று வைத்துக்கொண்டார்களாம். பிறகு யார் எப்போது வருவார்கள் என்று தெரியாததால் தினமும். பிறகு என் விறகு, உன் மண்ணெண்ணெய் என்று வாய்த் தகராறு. பிறகு பிள்ளைகள்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது. காகிதத்துக்காகப் பிரிந்த குடும்பம் நிஜமாகவே பிரிந்துபோனது. குப்பம் முழுக்க அப்படி.

மங்கம்மா அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. பின்கட்டில் தன் அடுப்பில் தனக்கென்று ஒரு பிடி அரிசி பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அப்படியே இளைத்துப் போய்விட்டார்.

சாரும் இளைத்தார். அந்த இருமலே ஒருநாள் அவரைக் கொண்டுபோனது. நான் இன்னும் சில வருடங்கள் இதழை இழுத்துப் பிடித்து நடத்தினேன். அப்போது வேறு கூத்து. பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை என்று விதி வந்துவிட்டது. யார் யாரோ எழுதி அனுப்பினார்கள். குப்பத்துக்குப் போய் வாசிக்க வேண்டும் என்றால் ஃபோனை வைத்துவிடுவார்கள். வாசிக்கத் தகுந்த மாதிரி வந்தவற்றையும் நான் வாசிக்கப் பயந்தேன். எந்த வாய் எந்தப் பெருமையைச் சொல்லுமோ என்று நடுக்கம். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கையெழுத்து

ரிசார்ட்டில் மேடைப் பேச்சு முடிந்தது. மூன்று பேர் என்னை முன்னோடி என்றார்கள். ஒருவர் ஞானமணி சாரின் பெயரை ஞானசேகரன் என்று சொன்னார். கவிதா ஃபைலைத் திறந்து பேனாவை நீட்டினார்.

“கவிதா, புது இதழ்ல வாசித்துக் காட்டுற விதி இருக்குமா?”

“அது ஒரு ஹெரிடேஜ் மேடம், முன்னுரையில கண்டிப்பாப் போட்டுடலாம். ஆனா நடைமுறையில... இப்ப எல்லாமே ஆன்லைன் ரிவ்யூதான்.”

“அந்தக் குப்பத்துல அப்புறம் என்ன நடந்துச்சுன்னு மொதல் இதழ்ல போடணும்.”

அவர் திறந்த ஃபைலையே பார்த்தார். கெட்டவர் இல்லை கவிதா. அன்று ‘வேண்டாம்’ என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அந்த ஒரு வரியால் வந்த பேரும் வேலையும் அவர் கேட்டு வாங்கியவை அல்ல. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“மேடம், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அந்த உத்தரவு இல்லன்னா இந்த இதழுக்கு வேற எந்தத் தாக்கமும் காட்ட முடியல. தாக்கம் காட்டாம பல்கலைக்கழகத்துல அனுமதி தர மாட்டாங்க. நீங்க சொல்றத... ஒரு தொடர் ஆய்வா, பின்னாடி ஒரு ப்ராஜெக்ட் போட்டுப் பண்ணலாம். இப்ப சைன் பண்ணுங்க மேடம்.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அத்தனை வருட உழைப்பு, அத்தனை ஊர், சாரின் உயிர், எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் இந்த உலகத்தில் மாற்றிய ஒரே விஷயம் அதுதான். அரசாங்கம் எங்களை ஒரே ஒருமுறை படித்தது. படித்துவிட்டு ஏழைகளின் கார்டைப் பிடுங்கியது. அதைத்தான் பேனரில் போட்டிருந்தார்கள்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். சால்வையையும் மடித்து நாற்காலியில் வைத்தேன். சாரின் கனவை நானே குழிதோண்டிப் புதைத்துவிட்டேன் என்று சொல்வார்கள். சொல்லட்டும். சார் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பார், இதழ் அவருக்குப் பிள்ளை மாதிரி. எனக்கும்தான்.

ரிசார்ட்டிலிருந்து நேராகச் செல்வியைப் பார்க்கப் போனேன். கடற்கரைச் சாலையோரம் கல் போட்டு, வருகிறவர்களுக்கு மீன் வறுத்து விற்கிறாள். ஒரு காலத்தில் ஒரே அடுப்பில் வீட்டுக்கே பொங்கியவள், இப்போது முகம் தெரியாதவர்களுக்கு வறுத்துக் கொடுக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

சில நாட்கள் கழித்து, இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் மறுபடி அவளிடம் போனேன். இதழ் செத்தால் என்ன, விதி எனக்கு உண்டு. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, எண்ணெய் ஆறிக்கொண்டிருந்த கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் சொன்னதில் நான் கைவைக்கவில்லை.

கேட்டவர்கள் சொன்னது

“எல்லாம் சரியாத்தான் எய்திக்கீற டீச்சர். ஒண்ணு மட்டும் தப்பு. எம் மாமியா தனியா பொங்கித் துன்னுச்சுன்னு போட்டுக்கீற. பொங்கவே இல்ல. ஆபீசருங்க அடுப்பு கீதான்னுதான் பாத்தாங்க, எரியுதான்னு பாக்கல. அரிசிய எம் புள்ளிங்களுக்கே குடுத்துடும். நான் தார்ப்பாய்க்கு அடியால சோறு தள்ளுவேன். ‘தனிக் குடுத்தனம்னு எய்தியாச்சு, வாணாம்மா, யாரனா பாத்தா உன் கார்டு பூடும்’னு திருப்பித் தள்ளிடும். புள்ளிங்க தட்டுல மிச்சம் வெச்சா அத்த துன்னும். அந்த அடுப்பு இன்னும் பின்னாலதான் கீது. வந்து பாரு. ஒரு பொட்டு கரி இல்ல.”